பின்காற்று

கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர்.
மதியம் சாய்ந்தால் அதன் காற்று மட்டும்
குரூட்பெர்க் மலைவரை வந்துவிடும்.
முதுகைத் தள்ளுகிறது, டீசல் மிச்சம் என்று
கவெதூனாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.
பின்னால் டிரைலரில் ஏலத்துக்குப் போகும் காளை,
எழுநூறு கிலோ.
வளைவுக்கு வளைவு அது காலை மாற்றி ஊன்ற
வண்டி ஒருமுறை இடுப்பை ஆட்டும்.

சமவெளி முழுக்க ஊசி பாதியில்தான் படுத்திருந்தது.
ஏற்றத்தின் மூன்றாவது வளைவில்
யாரோ பேர்சொல்லிக் கூப்பிட்டதுபோல் எழுந்தது.
ஓரம் கட்டினேன்.
"அணைக்காதே, சும்மா ஓடட்டும்" என்றபடி
அவள் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள்,
நீள உடுப்பின் ஏழு கஜத்தையும் ஒரு கையில் அள்ளிக்கொண்டு.

இந்த வருஷம் மழை உண்டு.
புல் பம்பர் உயரம்.
ஆகவே புல்விதைதான் என்று முடிவுகட்டினேன்.
ரேடியேட்டரின் இடுக்குகளில் பல்துலக்கும் பிரஷ்ஷால்
அரைமணி நேரம் கோதி எடுத்தோம்.
ஒரு தொப்பி நிறைய வந்தது.
வியாதியைக் கையில் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்
கொஞ்சம் விசிலடித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

இரண்டு வளைவு.
மறுபடி அதே ஊசி.

இப்போது பயம் வந்தது.
எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன், பால் கலக்கவில்லை.
பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது.
தெர்மோஸ்டாட் போன மாதம் போட்டது.
மூடியைத் திறக்கக் கை நீண்டதும்
தட்டிவிட்டாள்: "முகம் வேண்டாமா உனக்கு?"
மிச்சம் இருப்பது ஹெட் கேஸ்கட்.
அதுதான் என்றால்
காளை ஏலத்துக்கே போக வேண்டியதில்லை,
நேராக எஞ்சினுக்குள் போய்விடும்
கொம்போடு.

கவெதூனா கல்லில் உட்கார்ந்து கேட்டாள்,
"இந்த ஃபேன் கத்துமே, முன்பெல்லாம்,
ஏற்றத்தில் லாரி மாதிரி?
நான் பேசுவது உனக்குக் கேட்காதே.
இன்று காலையிலிருந்து
நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நீ பதில் சொல்கிறாய்."

கேட்டுக்கொண்டு நின்றேன்.
போன வாரம் பெட்ரோல் பங்கில் ம்பாஹாவிடம்
பெருமையடித்தது நினைவுக்கு வந்தது:
இப்போதெல்லாம் என் வண்டி பூனை மாதிரி,
புதிதுகூட இப்படி ஓடாது.

எஞ்சினை அணைத்து
சூடு ஆறுமுன் இறக்கையை விரலால் சுண்டினேன்.
சூட்டில் அது தயங்க வேண்டும்,
அரைச்சுற்றுக்குள் முரண்டுபிடித்து நிற்க வேண்டும்.
மூன்று சுற்று சுற்றியது, சொன்னபடி கேட்கும் பிள்ளையாக.
நடுக்குமிழைச் சுற்றி
கசிந்த எண்ணெயில் ஒட்டிய புழுதி, கறுப்பாய், பழசாய்.
எத்தனை நாளோ.
காற்று எதிரே வந்த நாட்களில் ரேடியேட்டர் பிழைத்துக்கொண்டது.
இன்று காற்றும் எங்கள் வேகத்திலேயே பின்னால் வந்தது,
உள்ளே எதுவும் நுழையவில்லை.

கேன் தண்ணீர் பாதியைக் காளைக்கு வைத்தோம்.
சூரியன் விழுந்து காற்று ஓயும்வரை இருந்தோம்.
ஆறியபின் மூடியைத் திறந்தேன்:
மட்டம் சரி.
எஞ்சினை முடுக்கியும் குமிழி வரவில்லை.
மெதுவாக மூச்சு விட்டேன்.

பிறகு லோ ரேஞ்ச், இரண்டாம் கியர்,
ஹீட்டர் முழு வேகத்தில்.
எஞ்சினின் சூட்டில் எங்கள் பங்கை
நாங்கள் முழங்காலில் வாங்கிக்கொண்டோம்.
கண்ணாடிகள் நான்கும் இறங்கியிருக்க
வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.
"தலைப்பாகையையாவது கழற்றேன்" என்றேன்.
இரண்டு கொம்பும் கூரையை உரச
நிமிர்ந்தே இருந்தாள்:
"ஏலத்துக்குக் கட்டியது. நீ ரோட்டைப் பார்."

ஊசி நடுங்கியது. முக்கால்.
முக்காலுக்கு ஒரு மயிரிழை மேல்.
அங்கேயே நின்றது
கடைசி வளைவு வரை.

உச்சியில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன்.
காளை நீளமாக, அவசரமில்லாமல், மூத்திரம் பெய்தது.
அதுவும் நின்றபின்
மலை முழுக்க ஒரு சத்தமில்லை.
இருவரும் ஒரே நேரத்தில்
டாஷ்போர்டைப் பார்த்தோம்.